தைரியம் யாருடைய பொறுப்பு?

2022 ஆம் ஆண்டு ஜூன் முதல் அக்டோபர் வரை எங்கள் வீட்டிற்கு வந்தவர்கள் அனைவரும் மூன்று பொருள்களைத் தவறாமல் கொண்டுவந்தார்கள். ஒன்று ஆப்பிள். இரண்டு ஹார்லிக்ஸ் புட்டி. மூன்றாவது, விடைபெறும்போது வாசற்படியில் நின்று சொல்லும் 'தைரியமா இருங்க' என்னும் சொல். வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் பச்சையாக எதையும் உண்ணக்கூடாது என்று மருத்துவர் தடுத்திருந்ததால் ஆப்பிள்கள் பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குச் சென்றன. ஹார்லிக்ஸ் புட்டிகளை வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் கொடுத்துவிட்டோம். மூன்றாவதை மட்டும் எவருக்கும் கொடுக்க இயலவில்லை. அதை நாங்களே வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அது எவ்வளவு கனமானது என்பது பின்னரே தெரிந்தது.

'எங்கள்' என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. நோய் வந்தது துணைவியாருக்கு. அவர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியை. உடனிருந்தது இதை எழுதுபவர். கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். ஆனால் மருத்துவமனையின் வருகைப் பதிவேட்டில் நோயாளி, உடனிருப்பவர் என்று இரு பெயர்களையும் ஒரே வரியில்தான் எழுதுகிறார்கள். அந்த ஒரே வரிதான் இந்த 'நாங்கள்'.

கழுத்தில் வலியற்ற சிறு கட்டியாகத் தொடங்கியது. சுண்டைக்காய் அளவு. சதைத் துணுக்கை எடுத்து ஆய்வு செய்ததில் ஃபாலிகுலர் லிம்போமா என்று தெரிந்தது. நிணநீர்க் கணுக்களில் தோன்றும் புற்றுநோய் வகைகளுள் ஒன்று. மதுரையில் நாங்கள் பார்த்த மருத்துவர் சுற்றி வளைக்காமல் பேசினார். "முழுக்கப் போயிடும்னு நான் சொல்ல மாட்டேன். அடங்கும், திரும்ப வரலாம், வந்தா திரும்பவும் பார்க்கலாம். இதோட பல வருஷம் வாழறவங்க நிறையப் பேர் இருக்காங்க" என்றார். பல வருஷம் என்பது எத்தனை என்று கணித ஆசிரியை கேட்டார். "அதுக்கு உங்க கணக்குல ஃபார்முலா இல்ல டீச்சர்" என்று மருத்துவர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். தைரியமாக இருப்பது அவ்வளவு கடினமில்லை என்று அன்று தோன்றியது.

*

சிகிச்சைக்கு 'ஆர்-சாப்' என்று பெயர். ஐந்து மருந்துகளின் முதலெழுத்துகளைச் சேர்த்த பெயர் அது. 21 நாளுக்கு ஒரு முறை என்று ஆறு சுற்றுகள். நான்கு மருந்துகள் நரம்பு வழியாக ஏறும். ஐந்தாவது, பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை. ஐந்து நாட்கள் விழுங்க வேண்டும்.

அம்மருந்துகளுள் ஒன்றின் வரலாறு எங்களைத் திகைக்க வைத்தது. வின்கிரிஸ்டின் என்னும் அந்த மருந்து நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வருவது. எங்கள் கரிசல் சீமையில் அதைச் சுடுகாட்டு மல்லி என்பார்கள். இடுகாட்டு ஓரங்களில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கும். ஆடு மாடும் கடிக்காது. தென் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் அதைப் பயிர் செய்து இலையையும் வேரையும் ஏற்றுமதிக்கு அனுப்புவதும் உண்டு. கனடாவில் 1950களில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் அதை ஆராய்ந்தது சர்க்கரை நோய்க்காக. ஜமைக்காவில் அந்த இலைக் கஷாயத்தைச் சர்க்கரை நோய்க்குக் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இலைகளை வரவழைத்துச் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை. மாறாக, எலிகளின் வெள்ளையணுக்கள் குறைந்தன. அந்தத் தோல்வியிலிருந்துதான் 1958 இல் வின்பிளாஸ்டின் பிறந்தது. அதன் உடன்பிறப்பான வின்கிரிஸ்டின் 1963 இல் அமெரிக்காவில் பயன்பாட்டிற்கு ஒப்புதல் பெற்றது. பல நூறு கிலோ உலர்ந்த இலையிலிருந்து மிகச் சொற்பமாகவே மருந்து கிடைக்கும். ஒரு வேளைக்கு ஏற்றப்படுவதும் 2 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. "சுடுகாட்டுல பூக்கிறது ஆளை அங்க போகாம தடுக்குதா?" என்று துணைவியார் வியந்தார். அந்த 2 மில்லிகிராம் அவருடைய விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்தது. இரண்டாம் சுற்றுக்குப் பின் அவரால் சுண்ணக்கட்டியைப் பிடிக்க முடியவில்லை. ரவிக்கைக் கொக்கிகளை மாட்டுவது உடனிருப்பவரின் வேலையாயிற்று.

முதல் இரண்டு சுற்றுகளின்போது நான்கு படுக்கைகள் கொண்ட அறையில் இருந்தோம். பக்கத்துப் படுக்கையில் சிவகாசிக்காரர் ஒருவர். ஐம்பதை ஒட்டிய வயது. தீப்பெட்டி ஆலையில் இருபது ஆண்டுகள் வேலை பார்த்தவர். சினைப்பையில் புற்று. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் சிகிச்சை. நாங்கள் அவரை அக்கா என்றே அழைத்தோம். அறைக்குள் நுழைந்த முதல் நாள், மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, "பயப்படாதீங்க டீச்சர், எண்ணெய்ச் செலவு மிச்சம்" என்று வரவேற்றவர் அவர்தான். இரவுப் பணிக்கு வரும் செவிலியர்கள் அவரிடம் பேசிவிட்டே மற்ற படுக்கைகளுக்குச் செல்வார்கள். துணைவியார் வாந்தியில் துவண்டு கிடந்த இரவில், தம் சொட்டு மருந்துக் கம்பத்தைத் தள்ளிக்கொண்டே வந்து எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தார். இரண்டாம் சுற்று முடிந்து கிளம்பும்போது எங்கள் வீட்டு எவர்சில்வர் டிபன் பாக்ஸில் மிச்சமிருந்த புளியோதரையை அவரிடம் கொடுத்தோம். "அடுத்த தடவை பாத்திரத்தைத் தாரேன்" என்றார்.

அக்காவை முன்மாதிரியாக வைத்துக்கொண்டோம். இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். முதல் சுற்றின் ஐந்து நாட்களும் துணைவியார் உற்சாகமாகவே இருந்தார். இரவெல்லாம் உறங்காமல் வீட்டுக் கணக்கு எழுதினார், நன்றாகச் சாப்பிட்டார், பழைய மாணவிகளுடன் தொலைபேசியில் உரையாடினார். தைரியம் வந்துவிட்டது என்று மகிழ்ந்தோம். ஆறாம் நாள் காலையில் அந்தத் தைரியம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அடுத்த சந்திப்பில் மருத்துவர் விளக்கினார். அந்த உற்சாகம் ஸ்டீராய்டு மாத்திரையினுடையது. மாத்திரை நின்றதும் சோர்வு வருவது இயல்பு. எங்கள் தைரியம் மருந்துக் கடையில் அட்டை அட்டையாக விற்கப்படும் சரக்கு என்று தெரிந்தபோது சற்று வெட்கமாகத்தான் இருந்தது.

*

மூன்றாம் சுற்று முடிந்து பத்தாம் நாள். ஆகஸ்டு முதல் வாரம். கீமோ ஏற்றிய பின் ஏறத்தாழ ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் வெள்ளையணுக்கள் மிகவும் தாழ்ந்துவிடும். அப்போது கிருமி தொற்றினால் எதிர்க்க ஆளில்லை. ஆகவே 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைக் காய்ச்சல் தொட்டாலே, நடுஇரவாயினும் உடனே அழைக்க வேண்டும் என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அத்தாளைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியும் வைத்திருந்தோம்.

அன்று இரவு பதினொரு மணிக்குத் துணைவியாருக்குக் குளிர் நடுக்கம் கண்டிருக்கிறது. எழுந்து சென்று வெப்பமானியை வைத்துப் பார்த்திருக்கிறார். 101.2. பாராசிட்டமால் ஒன்றை விழுங்கிவிட்டு, இரண்டு போர்வைகளை எடுத்துப் போர்த்திக்கொண்டு வந்து படுத்துவிட்டார். அருகில் உறங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பவில்லை.

காலை ஐந்து மணிக்கு 103. பேச்சு குழறியது. மதுரைக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். அவசர சிகிச்சைப் பிரிவில் இரத்த அழுத்தம் 80-க்கு 50. குறைந்தது 1,500 இருக்க வேண்டிய நியூட்ரோஃபில் அணுக்கள் 90 இருந்தன. 500-க்குக் கீழே போனாலே அபாயம் என்பார்கள். மருத்துவர் முதன்முறையாகக் கோபப்பட்டார். "வந்து ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாடிக் ஏத்தணும்னு நாங்க ஓடுறோம். நீங்க ஆறு மணி நேரம் வீட்டுலயே இருந்திருக்கீங்க. ஏன்?"

துணைவியார் விடை சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, அபாயக் கட்டம் நீங்கி, தனி அறைக்கு மாற்றப்பட்ட பிறகே சொன்னார்: "ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேங்க. எல்லாரும் தைரியமா இருக்கேன்னு சொல்லிட்டிருக்காங்க. சும்மா சும்மா பயந்து உங்களையும் எழுப்பி, ராத்திரியில கார் பிடிச்சு... வேணாம்னு தோணிச்சு."

அந்தத் தைரியம் ஏறக்குறைய உயிரைக் கொண்டுபோயிருக்கும்.

*

தனி அறையில் பதினொரு நாட்கள். மூன்றாம் நாள் மாலை அறியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. சிவகாசி அக்காவின் மகள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண். "அம்மா உங்க டிபன் பாக்ஸ வச்சிருந்தாங்க சார், அதை எப்படித் திருப்பித் தர்றதுன்னு கேக்கத்தான்" என்று தொடங்கினாள். அக்கா இறந்து மூன்று வாரமாகியிருந்தது. மூன்றாம் சுற்றுக்கு நாங்கள் சென்றபோது அவர் படுக்கையில் வேறொருவர் இருந்தார். அவருக்குத் தேதி மாறியிருக்கும் என்று நினைத்திருந்தோம்.

ஆறுதல் சொல்ல முயன்றபோது அவள் இடைமறித்துக் கேட்டாள்: "தைரியமா இருந்தா சரியாயிடும்னுதானே சார் எல்லாரும் சொன்னாங்க? அம்மா கடைசி வரைக்கும் பயப்படவே இல்ல. அப்புறம் ஏன் சார்?"

இருபது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் கேள்விகளுக்கு விடை சொல்லிப் பழகிய வாய்க்கு அன்று சொல் வரவில்லை. "பிறகு பேசுகிறோம் அம்மா" என்று மட்டும் சொல்ல முடிந்தது. துணைவியாரிடம் அதைச் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு, எதையோ உணர்ந்தவர்போல அவரே கேட்டார்.

"ஏங்க, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் நான் தைரியமா இல்லாம இருந்துக்கட்டுமா?"

யாரிடம் அனுமதி கேட்கிறார், எதற்குக் கேட்கிறார் என்பது புரிந்தபோது, இரண்டு மாதங்களாக எங்கள் வீட்டிற்குள் அச்சொல்லை மிக அதிகமுறை உச்சரித்தவர் யார் என்பதும் புரிந்தது. வாசற்படியில் நின்று சொல்லிப் போனவர்கள் ஒருமுறைதான் சொன்னார்கள். இதை எழுதுபவரோ காலை, மாலை, மருந்து வேளை தவறினாலும் இதைத் தவறாமல் சொல்லியிருக்கிறார். அன்று துணைவியார் நெடுநேரம் அழுதார். முகக்கவசம் நனைந்து இரண்டு முறை மாற்ற வேண்டியிருந்தது. அழுது முடித்து, பல நாட்களுக்குப் பிறகு, மாத்திரையில்லாமல் உறங்கினார்.

*

அவர் உறங்கிய பின் வெளி வராந்தாவின் பெஞ்சில், கொண்டுவந்திருந்த உள்மதிப்பீட்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்த உட்கார்ந்தோம். திருக்குறள் தாள். 95 ஆம் அதிகாரமாகிய 'மருந்து' பற்றிய வினா. அதன் இறுதிக் குறள், நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்னும் நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்கிறது. பரிமேலழகர் அந்நான்கில் ஒவ்வொன்றையும் மேலும் நான்காகப் பகுத்துப் பதினாறு இயல்புகளைப் பட்டியலிடுவார். அதை எழுதச் சொல்லித்தான் வினா.

ஒரு மாணவர் பதினாறையும் ஏறக்குறைய எழுதிவிட்டிருந்தார். ஒன்றே ஒன்று இடம் மாறியிருந்தது. 'அஞ்சாமை' என்பதை நோயாளியின் பட்டியலில் சேர்த்திருந்தார். சிவப்பு மையால் சுழித்து, அம்புக்குறியிட்டு, 'மருத்துவருக்கு உரியது' என்று எழுதியவுடன் கை நின்றுவிட்டது.

எத்தனை ஆண்டுகளாக அந்தப் பகுதியை நடத்தி வருகிறோம்! உரைகாரரின் பட்டியல் மனப்பாடம். ஆயினும் அன்றுதான் அதைப் படித்தோம் என்று சொல்ல வேண்டும். நோய் கண்டு அஞ்சாமை என்பது உரையில் மருத்துவரின் முதல் இயல்பு. கற்ற கல்வியும் நுண்ணறிவும், பலகாலும் நோய் தீர்த்த பழக்கமும், மனம் மொழி மெய்களின் தூய்மையும் அதைத் தொடர்கின்றன. நோயாளிக்குச் சொல்லப்பட்டவை வேறு நான்கு. பொருளுடைமை, மருத்துவர் சொன்ன வழி நிற்றல், நோயின் நிலையை எடுத்துரைத்தல், மருந்தினால் வரும் துன்பத்தைப் பொறுத்தல். இவ்வளவே. அஞ்சாதிரு என்றோ, மகிழ்ந்திரு என்றோ, பிறருக்கு முன்மாதிரியாக இரு என்றோ நோயாளிக்கு அங்கே கட்டளை இல்லை.

அந்த மாணவர் செய்த பிழையைத்தான் ஊரே செய்துகொண்டிருந்தது. நாங்களும் செய்தோம். மருத்துவரின் பட்டியலில் இருக்க வேண்டியதை எடுத்து நோயாளியின் தலையில் வைத்துவிட்டோம். அதன் விளைவாக நோயாளிக்கு உண்மையாகவே உரிய ஒன்று, நோயின் நிலையை எடுத்துரைத்தல், விடுபட்டுப் போயிற்று. 101.2 என்ற எண்ணைத் துணைவியார் மறைத்தது அதனால்தான்.

துன்பம் வரும்போது நகைக்கச் சொல்லும் குறளை இவ்விடத்தில் நண்பர்கள் நினைவூட்டக் கூடும். எங்களுக்கும் பலர் நினைவூட்டினார்கள். அது 63 ஆம் அதிகாரமாகிய 'இடுக்கண் அழியாமை'யில் உள்ளது. பரிமேலழகரின் பகுப்பில் அது அரசியலின் கடைசி அதிகாரம். வினை மேற்கொண்டவர் இடையூறு கண்டு கலங்காதிருத்தலைப் பற்றியது. நோயாளியைப் பற்றிப் பேச வந்த 95 ஆம் அதிகாரத்தில் அந்த நகைப்பு இடம்பெறவில்லை. இரண்டையும் நாம்தான் கலந்துவிட்டோம்.

இந்தக் கலப்பில் நம் திரைப்படங்களுக்கும் பங்குண்டு. 1965 இல் வந்த பாலசந்தரின் 'நீர்க்குமிழி' படத்தில் மருத்துவமனையையே சிரிக்க வைக்கும் புற்றுநோயாளியாக நாகேஷ் வருவார். அந்த நடிப்பை எவராலும் மறக்க இயலாது. ஆனால் அதைப் பார்த்து வளர்ந்த நாம், புற்றுநோயாளி என்றால் சிரித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும் என்றும், அழுபவர் பாத்திரத்தைச் சரியாகச் செய்யவில்லை என்றும் எண்ணத் தொடங்கிவிட்டோமோ என்று தோன்றுகிறது.

இதே மனப்பாங்கைத்தான் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற சூசன் சொன்டாக் 1978 இல் எழுதிய நூலில் கண்டித்தார். நோயை நோயாளியின் மனத்தோடும் குணத்தோடும் முடிச்சிடுவது அவரையே குற்றவாளியாக்குவது என்பது அவர் வாதம். அவர் சொன்னதற்குப் பின்னாளில் எண்களின் துணையும் கிடைத்தது. தலை, கழுத்துப் பகுதிகளில் புற்றுநோய் கண்ட 1,093 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2007 இல் வெளிவந்தது. சிகிச்சையின் தொடக்கத்தில் மனம் எந்நிலையில் இருந்தது என்பதற்கும் எவ்வளவு காலம் உயிர் வாழ்ந்தார்கள் என்பதற்கும் தொடர்பு காணப்படவில்லை. இதை முதலில் அறிந்தபோது ஒருவகை ஏமாற்றம் வந்தது. நல்ல மனநிலையால் பயனில்லையா என்று தோன்றியது. துணைவியார்தான் அதைத் திருப்பிப் போட்டார். "அப்போ நான் பயந்தா கட்டி வளராதுன்னும் அர்த்தம்தானே?" என்றார். கணித ஆசிரியைக்கு மறுதலையும் உடனே தெரிகிறது.

*

எஞ்சிய எட்டு நாட்களில் எங்கள் வேலைகளைப் புதிதாகப் பிரித்துக்கொண்டோம். அஞ்சாமையை மருத்துவரிடமே ஒப்படைத்தோம். மறுநாள் காலை அவரிடம் இதைச் சொன்னபோது, "சரி, எனக்கு எழுதிக்குங்க" என்றார்.

உடனிருப்பவருக்கு உரை சொல்லும் நான்கு: நோயாளியிடம் அன்பு; மனம் மொழி மெய்களில் தூய்மை; சொன்னதைச் சொன்னபடி செய்யும் ஆற்றல்; அறிவு. இவற்றுள் இரண்டாவதை, அத்தனை நாளும் இழந்திருந்தோம் என்று தோன்றியது. உள்ளே நடுங்கிக்கொண்டு வெளியே சிரித்தது மொழித் தூய்மை ஆகாது. ஆகவே அக்காவின் மரணத்தைத் துணைவியாரிடம் சொன்னோம். இருவரும் சேர்ந்து அழுதோம். காய்ச்சல் ஏறவில்லை.

நீண்ட கோடிட்ட நோட்டு ஒன்று வாங்கி, அதில் மூன்று பத்திகள் வகுத்தார் துணைவியார். காய்ச்சல், அணுக்கள், 'இன்று எப்படி'. மூன்றாம் பத்தியில் பொய் எழுதக்கூடாது என்பது விதி. 'பயம்' என்று இருநாள் எழுதினார். 'எரிச்சல், பார்வையாளர் நேரம்' என்று ஒருநாள். 'இட்டிலி ருசித்தது' என்று ஒருநாள். இரண்டாம் பத்தியின் எண்களை வைத்துக் கட்டத்தாளில் வரைபடம் போட்டார். மரத்த விரல்களால் அளவுகோலைப் பிடிக்க முடியாததால் கோடுகள் கோணின. 90. 110. 210. அடுத்த நாள் 180 என்று இறங்கியது. வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு 640. கடைசியில் 1,800. 640 வந்த காலையில் செவிலியர், மருத்துவர், துப்புரவு செய்யும் அம்மா என்று வந்தவர்களிடமெல்லாம் அந்தக் கோணல் கோட்டைக் காட்டினார். எவரும் சொல்லாமலே அறைக்குள் சிரிப்பு வந்திருந்தது.

ஹீமோகுளோபின் 7-க்கு வந்தபோது இரத்தம் கொடுக்க எங்கள் மாணவர்கள் ஆறு பேர் பேருந்தில் வந்தார்கள். அவர்களுள் வகுப்பிற்கு ஒழுங்காக வராத ஒருவரும் இருந்தார். ஒரு மாணவிக்கு ஹீமோகுளோபின் 12.5 இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அவள் அழுததை அறிந்த துணைவியார் தொலைபேசியில், "முருங்கைக்கீரை சாப்பிட்டுட்டு அடுத்த வருஷம் வேற யாருக்காவது குடு" என்றார். தமிழில் எதிர்காலத்தின் மீதான விருப்பத்திற்கும், மற்றொருவர்மீது வைக்கும் பற்றுறுதிக்கும் 'நம்பிக்கை' என்ற ஒரே சொல்தான் வழங்குகிறது. இது சொல்வளக் குறைவு என்று முன்பு எண்ணியதுண்டு. அந்த அறையில் அப்படித் தோன்றவில்லை. நாளை நன்றாக இருக்கும் என்ற உறுதி எங்களுக்கு ஒருநாளும் வரவில்லை. ஆனால் மருந்துப் பையை மாட்டுமுன் பெயரையும் எண்ணையும் இருமுறை வாசிக்கும் செவிலியரை நம்பினோம். இரவு மூன்று மணிக்குப் பேருந்து ஏறி வந்த பிள்ளைகளை நம்பினோம். எட்டு நாட்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

பட்டியலில் நோயாளிக்கு முதலில் சொல்லப்பட்டது பொருளுடைமை என்பதையும் மறைப்பதற்கில்லை. காப்பீடு ஒரு பகுதியை ஏற்றது. மீதிக்கு நகைகள் வங்கிக்குச் சென்றன. மருந்தின் இயல்புகளுள் எளிதில் கிடைத்தலையும் உரைகாரர் சேர்த்திருக்கிறார். ஐந்து மருந்துகளுள் மிக விலையுயர்ந்த ரிட்டுக்ஸிமாப் மருந்துக்கு 2007 இல் இந்திய நிறுவனம் ஒன்று குறைந்த விலையில் மாற்று செய்ததால்தான் எங்களைப் போன்ற வீடுகளுக்கு அது எட்டுகிறது. தைரியத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர்களை நொந்துகொள்ளும் எண்ணமில்லை. அவர்களிடம் இருந்ததை அவர்கள் கொடுத்தார்கள். ஆனால் எங்கள் பள்ளித் தலைமை ஆசிரியை ஒருநாள் ஒன்றும் பேசாமல் மின்கட்டண அட்டையை வாங்கிச் சென்று கட்டிவிட்டு வந்தார். அந்த மாலை எங்களுக்கு மிகவும் இலேசாக இருந்தது.

*

ஆறு சுற்றுகளும் அக்டோபரில் முடிந்தன. அதன்பின் இரண்டு மாதத்திற்கு ஒருமுறை ரிட்டுக்ஸிமாப் மட்டும் என்று இரண்டாண்டுகள். அதுவும் 2024 இறுதியில் நிறைவுற்றது. நோய் அடங்கியிருக்கிறது. ஆறு மாதத்திற்கு ஒருமுறை பரிசோதனைக்குச் செல்கிறோம். செல்வதற்கு முந்தைய வாரம் இருவருக்கும் உறக்கம் வருவதில்லை. அதை இப்போது ஒருவருக்கொருவர் மறைப்பதில்லை. நோட்டின் மூன்றாம் பத்தியில் எழுதிவிடுகிறோம். துணைவியார் பள்ளிக்குச் செல்கிறார். சுண்ணக்கட்டி இன்னும் சில நாட்களில் நழுவுகிறது.

2023 சனவரியில், பொங்கல் விடுமுறையில், சிவகாசிக்குப் போனோம். மகளுக்குக் கடன்பட்டிருந்த விடை பாக்கி இருந்தது. இரண்டறை வீடு. அக்காவின் படத்திற்கு மாலையிட்டிருந்தார்கள். படத்திலும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். உரைகாரரின் பட்டியலை விளக்குவதாக வழியெல்லாம் எண்ணிச் சென்றிருந்தோம். நோயாளி செய்ய வேண்டிய அனைத்தையும் உன் தாய் செய்தார், மருந்தால்தான் எட்ட முடியவில்லை, எவரும் எதிலும் தவறவில்லை என்று சொல்லத் தொடங்கியதும் குரல் நின்றுவிட்டது. துணைவியார்தான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"உங்க அம்மா சிரிச்சது பிழைக்கிறதுக்கு இல்லம்மா. எங்களுக்காகச் சிரிச்சாங்க. நான் முதல் தடவை அந்த ரூமுக்குள்ள வந்தப்போ எவ்வளவு பயந்திருந்தேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு."

அந்தப் பெண் சிறிது நேரம் தலைகுனிந்திருந்தாள். பிறகு உள்ளே சென்று எங்கள் டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து கொடுத்தாள். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரலாகாது என்பது அவள் அம்மா சொல்லிக் கொடுத்த வழக்கமாம். திறந்து பார்த்தோம். நிறையச் சாத்தூர்ச் சேவு இருந்தது. திரும்பி வரும் வழியில், பேருந்திலேயே பாதியைத் தின்று தீர்த்தோம்.